தோலில் விழித்த கண்கள்

எதியோப்பிய உயர்நிலத்தில் வெள்ளாட்டுத் தோலிலும் செம்மறித் தோலிலும் எழுதப்பட்ட காப்புச் சுருள்களை ‘நாட்டார் கலை’ என்று சொல்லிவிடுவது சுலபம். நம்மவரும் அச்சொல்லை மரியாதையோடுதான் கையாள்கிறோம். ஆயினும் இங்கு அது பொருந்தாது என்பதே என் வாதம்.

முதலில் பொருளைப் பார்ப்போம். தோலை ஊறவைத்து, சட்டத்தில் இழுத்துக் கட்டி, மயிரும் கொழுப்பும் போகச் சுரண்டிக் காயவிடுகிறார்கள். பின் ஒடுக்கமான துண்டுகளாக வெட்டி நீளவாக்கில் தைக்கிறார்கள். சுருளின் நீளம் உரியவரின் உயரத்துக்குச் சமம். உச்சி முதல் உள்ளங்கால் வரை காவல் வேண்டுமல்லவா? திருச்சபை மொழியான கீஸில், கறுப்பு மையில் மன்றாட்டுகள். புனிதப் பெயர்களுக்குச் சிவப்பு. இடையிடையே வாளேந்திய மிக்கேல், எட்டுமுனை நட்சத்திரத்தின் நடுவே ஒரு முகம், எங்கும் அகல விழித்த கண்கள். நிழல் இல்லை, தூரம் இல்லை. இதை வரையத் தெரியாமை என்று கொள்வோர் படத்தின் வேலையைக் கவனிக்கவில்லை. நோயாளியின் கண்களூடாக அவருள் இருக்கும் பேய் இப்படத்தைப் பார்க்கிறது; பார்த்து அஞ்சி ஓடுகிறது என்பது நம்பிக்கை. நாம் ரசிப்பதற்காக வரைந்ததல்ல. ஆனாலும் அந்தக் கோடுகளின் உறுதியை நான் ரசிக்கவே செய்கிறேன்.

குழந்தைகளைக் கொல்லும் வெர்செல்யாவைக் குதிரைமீதிருந்து ஈட்டியால் குத்தும் புனித சூஸ்னியோஸின் கதை பெண்களின் சுருள்களில் அடிக்கடி வரும். பிள்ளை தங்காத வீடுகளின் வரலாறு அது. அரசர்களின் வரலாற்றேடுகளில் அதைத் தேடிப் பயனில்லை.

எழுதியவர் யார்? தெப்தெரா. திருச்சபைப் பள்ளிகளில் ஆண்டுக்கணக்காக இசையும் கீஸ் கவிதையும் கற்றவர், குருப்பட்டம் பெறாதவர். கோயிலில் பாடுவார், வீட்டில் சுருள் எழுதிக் கூலி பெறுவார். பேரரசர் சரா யாக்கோப் (1434–1468) மாந்திரீகத்தைக் கடுமையாக ஒடுக்கினார், தொழில் அழியவில்லை. ஒரு காலத்தில் வரலாறு படிப்பித்து, இப்போது எட்டு மணிநேரம் இயந்திரத்தின் முன் நிற்கிற எனக்கு, கல்வி ஒருபுறமும் கூலி மறுபுறமுமான இந்த வாழ்வு விளங்காத ஒன்றல்ல. இவரைப் படியாத கைவினைஞராக்குவது அநியாயம்.

1931–33இல் டக்கார்–ஜிபூட்டி ஆய்வுப் பயணத்தினர் திரட்டிய எதியோப்பியச் சுவடிகள் பரிஸ் தேசிய நூலகத்தில் உள்ளன. சுருள்களும் அவற்றுள் அடங்கும். எழுதியவர் பெரும்பாலும் தன் பெயரை இடுவதில்லை. உரியவரின் ஞானஸ்நானப் பெயரோ மன்றாட்டுக்கு மன்றாட்டு வருகிறது. சுருள் கைமாறியபோது பழைய பெயரைச் சுரண்டிவிட்டு அவ்விடத்தில் புதிய பெயரை எழுதியிருக்கிறார்கள். சுரண்டிய இடத்தில் தோல் மெலிந்து தெரியும்.