ஆட்டக்காரர் ஒருவரின் விலை: பனி ஹாக்கி ஒப்பந்தங்களின் வரலாறு



ஹாக்கி என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவது ஈப்போவில் நடைபெறும் சுல்தான் அஸ்லான் ஷா கிண்ணமும் பச்சைத் திடலும்தான். இக்கட்டுரை கூறவிருப்பதோ கனடாவிலும் அமெரிக்காவிலும் பனித்தளத்தில் ஆடப்பெறும் ஹாக்கியைப் பற்றி. படிவம் மூன்றில் பயிலும் என் மகன் 'ஃபிரான்சைஸ் ஹாக்கி மேனேஜர்' எனும் கணினி விளையாட்டில் சில மாதங்களாக மூழ்கிக் கிடக்கிறான். பனியையே நேரில் கண்டிராத பிள்ளை அவன். அவ்விளையாட்டில் கோல் அடிக்க வேண்டியதில்லை. குழுவின் நிர்வாகியாக அமர்ந்து, யாரை ஒப்பந்தம் செய்வது, எத்தனை ஆண்டுகளுக்கு, யாரைக் கொடுத்து யாரை வாங்குவது என்று முடிவெடுக்க வேண்டும். இதே வகையில் முன்னோடியான 'ஈஸ்ட்சைடு ஹாக்கி மேனேஜர்' பின்லாந்துக்காரர் ஒருவரின் முயற்சியில் உருவாகி 2004-இல் கடைகளுக்கு வந்தது.

"அம்மா, முப்பத்து நான்கு வயது ஆட்டக்காரர், நன்றாகத்தான் ஆடுகிறார், ஆனால் இலவசமாகக் கொடுத்தாலும் எந்தக் குழுவும் வேண்டாம் என்கிறது. ஏன்?" என்று ஒரு நாள் கேட்டான்.

விடை எளிதுதான். ஒருவரின் பரிமாற்ற மதிப்பு அவருடைய திறனை மட்டும் பொறுத்ததன்று. திறன், வயது, ஆண்டுச் சம்பளம், ஒப்பந்தத்தில் எஞ்சியுள்ள ஆண்டுகள் ஆகிய நான்கும் சேர்ந்தே அதனை முடிவு செய்கின்றன. வங்கித் தவணை எஞ்சியிருக்கும் காரைப் பிறர் கைக்கு மாற்றிவிடும் 'சம்போங் பாயார்' வழக்கத்தை அவனுக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னேன். (சட்டச் சிக்கல் உள்ள வழக்கம், யாரும் பின்பற்ற வேண்டா!) கார் இருபதாயிரம் வெள்ளி பெறும், கட்ட வேண்டிய கடனோ நாற்பதாயிரம் என்றால், அந்தக் காரை வாங்குவோன் பரிசு பெறவில்லை, கடனைத்தான் பெறுகிறான். அந்த முப்பத்து நான்கு வயதுக்காரரின் நிலையும் இதுவே. மாறாக, குறைந்த சம்பளத்தில் மூன்றாண்டுகள் எஞ்சியுள்ள இருபது வயது இளைஞர் பொன்னுக்கு நிகர்.

கணக்கைப் புரிந்துகொண்டு அவன் போய்விட்டான். எனக்குத்தான் மனம் அமைதி கொள்ளவில்லை. திரையில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு மனிதர் வேறு நகரத்திற்குப் போய்விடுகிறார். மாற்றல் கடிதம் கையில் கிடைத்த ஆசிரியர்களுக்கு அதன் பொருள் தெரியும். பிள்ளைகளின் பள்ளி, வயதான பெற்றோர், வீட்டுக் கடன் எல்லாம் ஒரு தாளில் அடங்கிவிடும். இந்த வழக்கம் எப்படித் தோன்றியது என்று தேடிப் படித்தேன்.

தேசிய ஹாக்கி லீக் 1917 நவம்பரில் மொன்றியால் நகரில் தொடங்கப்பட்டது. 1942 முதல் 1967 வரை அதில் ஆறே குழுக்கள். அக்காலத்தில் ஒப்பந்தம் என்பது பெயரளவில்தான் இருபக்க உடன்படிக்கை. ஓராண்டு முடிந்தாலும் ஆட்டக்காரரை வைத்துக்கொள்ளும் உரிமை குழுவுக்கே உண்டு என்ற விதி இருந்தது. சம்பளம் பிடிக்கவில்லை என்றால் ஆட்டத்தை விட்டு விலகலாம். வேறு குழுவுக்குப் போக முடியாது. சிறுவர்களையும் 'சி படிவம்' எனும் தாளில் கையொப்பமிட வைத்துக் குழுக்கள் தம் உரிமையை முன்கூட்டியே பதித்துக்கொண்டன. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற பாபி ஓர் 1962-இல் பாஸ்டன் குழுவுக்கு இவ்வாறு எழுதித் தரப்பட்டபோது அவருக்கு வயது பதினான்கு. அதற்கு ஈடாகக் கிடைத்தவற்றுள் ஒன்று, குடும்ப வீட்டின் வெளிச்சுவருக்குப் புதுப்பூச்சு. பதினான்கு வயது என்பது நம் படிவம் இரண்டு மாணவனின் வயது.

கோர்டி ஹோவ் என்பவரின் கதை இன்னும் வியப்பானது. 1946-இல் டெட்ராய்ட் ரெட் விங்ஸ் குழுவில் சேர்ந்தபோது அவர் கேட்ட கூடுதல் சலுகை, குழுவின் சின்னம் பொறித்த மேற்சட்டை ஒன்று. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அக்குழுவின் தூணாக நின்றார். தாமே குழுவில் மிகுதியாகச் சம்பளம் பெறுபவர் என்று நம்பினார். 1968-இல் சக ஆட்டக்காரர் பாப் பான், தம் சம்பளம் 67,000 டாலர் என்று அவரிடம் சொன்னார். ஹோவ் பெற்றதோ 45,000. அதன் பிறகே கேட்டு 100,000 டாலர் பெற்றார். ஒருவர் சம்பளம் மற்றவருக்குத் தெரியாது என்பதே அக்கால நிர்வாகத்தின் பெரும் பலம். என் மகனின் விளையாட்டில் எல்லாருடைய சம்பளமும் ஒரே பட்டியலில் பளிச்சென்று தெரிகிறது. அப்பட்டியல் எளிதில் வந்ததன்று.

அதற்கான முதல் போராட்டத்தை நடத்தியவர் ஹோவின் தோழரான டெட் லிண்ட்சே. 1957 பிப்ரவரியில் ஆட்டக்காரர் சங்கம் ஒன்றை அவர் அறிவித்தார். ஓய்வூதிய நிதியின் கணக்கைக் காட்டுங்கள் என்பது அவர்களது முக்கியக் கேள்விகளுள் ஒன்று. அந்த ஆட்டப் பருவத்தில் லிண்ட்சே 30 கோல்கள் அடித்து, 55 கோல்களுக்குத் துணை நின்று, 85 புள்ளிகளுடன் லீக்கிலேயே இரண்டாம் இடத்தில் இருந்தார். எந்த மேலாண்மை விளையாட்டிலும் இத்தகையவரை எளிதில் விற்க மனம் வராது. ஆயினும் டெட்ராய்ட் நிர்வாகி ஜாக் ஆடம்ஸ் 1957 ஜூலையில் அவரைப் பட்டியலின் அடிமட்டத்தில் கிடந்த சிகாகோ குழுவுக்கு அனுப்பினார். கூடவே, சங்கத்தை ஆதரித்த இளம் கோல் காவலர் கிளென் ஹாலையும் அனுப்பினார். பதிலுக்கு வந்த நால்வரும் இவ்விருவருக்கு ஈடாகமாட்டார்கள். அது மட்டுமன்று, லிண்ட்சே பேராசைக்காரர் என்று காட்டுவதற்காக, சம்பளத் தொகையை உயர்த்தி எழுதிய பொய்யான ஒப்பந்தத்தையே ஆடம்ஸ் செய்தியாளர்களிடம் காட்டினார்.

இது பரிமாற்றமா, தண்டனையா? தண்டனை என்றே சொல்வேன். ஆட்டக் கணக்கின்படி பார்த்தாலும் அது தீய பேரம். கிளென் ஹாலின் துணையுடன் சிகாகோ 1961-இல் ஸ்டான்லி கிண்ணத்தை வென்றது. 1955-இல் கிண்ணம் வென்ற டெட்ராய்ட், அடுத்த கிண்ணத்திற்கு 1997 வரை காத்திருந்தது. சங்கமும் நிலைக்கவில்லை; எனினும் 1958-இல் ஏற்பட்ட இணக்கத்தில் 7,000 டாலர் குறைந்தபட்சச் சம்பளம் உறுதியாயிற்று. நிலைத்து நிற்கும் சங்கம் 1967-இல்தான் உருவானது. ஆட்டக்காரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் சிறந்த ஆட்டக்காரர் விருதுக்கு 2010-இல் டெட் லிண்ட்சேயின் பெயர் சூட்டப்பட்டது.

ஆட்டக்காரரின் விலை உண்மையில் எவ்வளவு என்பது போட்டி லீக் ஒன்று வந்த பிறகே தெரிந்தது. 1972-இல் தொடங்கிய உலக ஹாக்கி சங்கம், பாபி ஹல்லை இழுக்க முன்பணமாக மட்டும் ஒரு மில்லியன் டாலர் தந்தது. அதே ஆண்டு நவம்பரில் பிலடெல்பியா நீதிமன்றத்தில் நீதிபதி ஹிக்கின்பாதம், பழைய விதியைக் காட்டி ஆட்டக்காரர்கள் புதிய லீக்கிற்குச் செல்வதைத் தடுக்க முடியாது எனத் தீர்ப்பளித்தார். வாங்குவதற்கு இரண்டாவது ஆள் வந்தால்தானே பொருளின் விலை தெரியும்! சந்தைக்குப் போய்வரும் நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

அந்தப் புதிய லீக்கில்தான் பதினேழு வயது வேய்ன் கிரெட்ஸ்கியும் நுழைந்தார். 1979-இல் தம் பதினெட்டாம் பிறந்த நாளன்று எட்மன்டன் ஆயிலர்ஸ் உரிமையாளர் பீட்டர் பொக்லிங்டனுடன் 1999 வரை நீளும் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார். எட்மன்டன் நான்கு முறை ஸ்டான்லி கிண்ணத்தை வென்றது. நான்காம் வெற்றி 1988 மே மாதம். கிரெட்ஸ்கியின் திருமணம் ஜூலை. ஆகஸ்டு 9-ஆம் நாள் அவர் லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் குழுவுக்குக் கைமாற்றப்பட்டார். எட்மன்டனுக்குக் கிடைத்தவை: ஜிம்மி கார்சன், மார்ட்டின் ஜெலினா எனும் இரு இளைஞர்கள், புதியோரைத் தேர்ந்தெடுக்கும் முதற்சுற்று உரிமைகள் மூன்று, 15 மில்லியன் டாலர் ரொக்கம். கனடா நாடாளுமன்ற உறுப்பினர் நெல்சன் ரீஸ், அரசாங்கமே தலையிட்டு இதைத் தடுக்க வேண்டும் என்று கோரினார். மக்கள் கண்ணீர் விட்டனர்.

இப்பேரத்தில் வென்றது யார் என்று என் மகன் கேட்டான். அவனுக்குப் பிடித்தமான கேள்வி அது. உடனே விடை கூற இயலாது. 1989-இல் எட்மன்டன் கார்சனை டெட்ராய்ட்டுக்குக் கொடுத்து ஆடம் கிரேவ்ஸ், ஜோ மர்பி, பெட்டர் கிளிமா உள்ளிட்டோரைப் பெற்றது. கிரேவ்ஸ், மர்பி, ஜெலினா மூவரும் ஓரணியாய் ஆட, கிரெட்ஸ்கி இல்லாமலேயே எட்மன்டன் 1990-இல் கிண்ணம் வென்றது. அதற்காகப் பேரம் சமமானது என்று சொல்லிவிடலாமா? கிரெட்ஸ்கி சென்ற பின் கலிபோர்னியாவில் ஹாக்கி வேரூன்றியது; 1991-இல் சான் ஹோசேயிலும் 1993-இல் அனஹைமிலும் புதிய குழுக்கள் தோன்றின. எந்த விளையாட்டின் மதிப்பீட்டுக் கட்டத்திலும் இவை இடம்பெறா.

1992-இல் நடந்த எரிக் லிண்ட்ரோஸ் பரிமாற்றத்தைச் சுருக்கமாகவேனும் சொல்லியாக வேண்டும். கியூபெக் குழுவுக்கு ஆட மறுத்த இவ்விளைஞரை அக்குழு இருவருக்கு விற்றுவிட, நடுவர் ஒருவர் தலையிட்டுப் பிலடெல்பியாவுக்கே உரியவர் எனத் தீர்த்தார். ஒருவருக்காகப் பிலடெல்பியா தந்தது ஆட்டக்காரர்கள் பலர், தேர்வு உரிமைகள், 15 மில்லியன் டாலர். அப்பலருள் ஒருவர் சுவீடனின் பீட்டர் ஃபோர்ஸ்பெர்க். கியூபெக் குழு 1995-இல் கொலராடோவுக்குக் குடிபெயர்ந்து, மறு ஆண்டே கிண்ணத்தை வென்றது. மிகச் சிறந்த ஒருவரைப் பெற ஐந்தாறு பேரைக் கொடுப்பது ஆபத்து என்பதற்கு இன்றும் இதனையே எடுத்துக்காட்டுவர்.

சம்பளம் ஏறியது, உரிமையாளர்கள் அஞ்சினர். 2004-05 ஆட்டப் பருவம் முழுவதும் கதவடைப்பால் பாழானது. அதன் முடிவில் வந்ததே குழுவொன்றின் மொத்தச் சம்பளத்திற்கான உச்சவரம்பு. 2005-06-இல் அது 39 மில்லியன் டாலர், 2025-26-இல் 95.5 மில்லியன். நான் மகனிடம் சொன்ன கார்த் தவணைக் கணக்கு முழு வலிமை பெற்றது இவ்வரம்புக்குப் பிறகுதான். பணக்காரக் குழுவாயினும் தவறான ஒப்பந்தத்தைப் பணத்தால் மூடிவிட முடியாது. அந்தச் சம்பளம் வரம்புக்குள் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும்.

வரம்பு வந்தால் அதனைத் தாண்டும் தந்திரமும் வரும். ஒப்பந்தத்தின் சராசரி ஆண்டுத்தொகையே வரம்பில் கணக்கிடப்பட்டதால், கடைசியில் மிகச் சிறு சம்பளம் உள்ள ஆண்டுகளைச் சேர்த்துச் சராசரியைக் குறைத்தனர். 2010-இல் நியூ ஜெர்சி குழு இல்யா கொவல்சுக்கிற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு 102 மில்லியன் டாலர் எழுதித் தந்தது. இறுதி ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுச் சம்பளம் 550,000 மட்டுமே. அது முடியும்போது அவருக்கு நாற்பத்து நான்கு வயதாகியிருக்கும். லீக் அதனை ஏற்க மறுத்தது. திருத்திய பதினைந்தாண்டு ஒப்பந்தத்தையும் பாதியில் விட்டு அவர் 2013-இல் ரஷ்யாவுக்குத் திரும்பினார். அவ்வாண்டு முதல் நடப்புக்கு வந்த உடன்படிக்கை, தன் சொந்த ஆட்டக்காரருடன் எட்டாண்டு, பிற குழுவினரோடு ஏழாண்டு என்று எல்லை வகுத்தது.

நீண்ட ஒப்பந்தம் ஆட்டக்காரருக்கு எப்போதும் தீதன்று என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். நியூயார்க் ஐலாண்டர்ஸ் குழு 2006-இல் கோல் காவலர் ரிக் டிபியெட்ரோவுக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு 67.5 மில்லியன் டாலர் தந்தது. காயத்துக்கு மேல் காயம் பட்டு அவரால் ஆட இயலவில்லை. விளையாட்டில் இவரை "மதிப்பற்றவர்" என்று குறியிட்டு என் மகன் ஒதுக்கியிருப்பான். ஆனால் அவருக்குப் போட்ட கையொப்பத்தைக் குழு மதித்தாக வேண்டியிருந்தது. 2013-இல் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டபோது, ஆண்டுக்கு ஒன்றரை மில்லியன் டாலர் வீதம் பதினாறு ஆண்டுகளுக்கு, அதாவது 2029 வரை, தருவதாக ஏற்பாடாயிற்று. சி படிவத்தில் பதினான்கு வயதுச் சிறுவனைக் கட்டிப்போட்ட அதே லீக்தான் இது.