கடிகாரத்துக்காகத் திருத்திய கட்டடம்

மணிக்கூண்டுகளின் கதை – 7

ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவின் தலைநகரம் சப்போரோ. ரயில் நிலையத்திலிருந்து தெற்கே பத்து நிமிடம் நடந்தால் மணிக்கூண்டு வந்துவிடும். படத்தில் பார்த்து ஆசைப்பட்டு வருகிறவர்கள் முதலில் கொஞ்சம் ஏமாந்துதான் போகிறார்கள். வெள்ளைப் பலகைச் சுவர், சிவப்புக் கூரை, அதன் முன்புறம் ஒரு சிறிய கோபுரம், அவ்வளவுதான். சுற்றிலும் அதைவிடப் பல மடங்கு உயர்ந்த அலுவலகக் கட்டடங்கள். ஏமாற்றம் தரும் சுற்றுலா இடங்களைப் பட்டியலிடும்போது ஜப்பானியர்களே இதையும் சேர்த்துச் சொல்வதுண்டு.

உயரத்தை அளந்துவிட்டுத் திரும்புகிறவர்கள் இழப்பது அதிகம். ஒரு தேசம் தன் பொழுதையே மாற்றிக்கொண்ட வரலாறு இந்தச் சின்னக் கட்டடத்தில் இருக்கிறது.

பழைய பொழுது, புதிய மணி

மெய்ஜி ஆட்சிக்கு முன்பு ஜப்பானில் மணிக்கணக்கு நாளுக்கு நாள் மாறும். விடியலிலிருந்து அந்தி வரை ஆறு கூறு, அந்தியிலிருந்து விடியல் வரை ஆறு கூறு. கோடையில் பகற்கூறு நீளும், இராக்கூறு சுருங்கும். குளிர்காலத்தில் அப்படியே தலைகீழ். நண்பகலிலும் நள்ளிரவிலும் ஒன்பது முறை மணி அடிப்பார்கள். அடுத்த கூறுக்கு எட்டு, அதற்கடுத்து ஏழு என்று இறங்கி நான்கில் நிற்கும். ஐரோப்பாவிலிருந்து வந்த இயந்திரக் கடிகாரத்தையும் ஜப்பானியக் கைவினைஞர்கள் இந்தக் கணக்குக்குப் பழக்கினார்கள். பருவம் மாற மாற அதன் வேகத்தையோ எண்பலகையையோ திருத்தி வைப்பார்கள். சூரியன் சொன்னபடி கடிகாரம் கேட்ட காலம் அது.

1872ஆம் ஆண்டின் இறுதியில் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பழைய நாள்காட்டி கைவிடப்பட்டு, மெய்ஜி 5ஆம் ஆண்டு 12ஆம் மாதத்தின் 3ஆம் நாளாக விடிந்திருக்க வேண்டிய நாள் 1873 ஜனவரி 1 ஆனது. நாளுக்கு 24 சம மணி என்ற முறையும் அதோடு வந்தது. அறிவிப்புக்கும் அமலுக்கும் இடையில் ஒரு மாதம்கூட இல்லை. டோக்கியோவின் ஷிம்பாஷிக்கும் யோகோஹாமாவுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியதும் அதே 1872இல்தான். ரயிலுக்கும் தந்திக்கும் பள்ளிக்கும் படைக்கும் நீண்டு சுருங்கும் மணி உதவாது. ஆனால் காகிதத்தில் இருக்கும் நேரம் வயலிலும் கடைத்தெருவிலும் இருப்பவருக்கு எப்படிப் போய்ச் சேரும்? அதற்குத்தான் எல்லோர் கண்ணிலும் படும், எல்லோர் காதிலும் விழும் பொதுக்கடிகாரம் வேண்டியிருந்தது.

பெரிதாக வந்து இறங்கிய கடிகாரம்

1869இல் இந்தத் தீவுக்கு ஹொக்கைடோ என்று பெயர் சூட்டிய மெய்ஜி அரசு, அதைக் குடியேற்றி ஆள 'கைதாகுஷி' என்ற துறையை ஏற்படுத்தியது. வடக்கே ரஷ்யா நெருங்கி வருகிறதே என்ற அச்சம் அதற்கு ஒரு பெரிய காரணம். குளிர்நாட்டு விவசாயம் கற்க அமெரிக்காவின் பக்கம் திரும்பினார்கள். 1876இல் தொடங்கிய சப்போரோ வேளாண் கல்லூரியை வழிநடத்த, மாசசூசெட்ஸ் வேளாண் கல்லூரியின் தலைவர் வில்லியம் கிளார்க் வந்தார். எட்டு மாதம்தான் இருந்தார். மாணவர்களுக்கு ஒரு படைப்பயிற்சிக் கூடம் வேண்டும் என்பது அவருடைய யோசனை. அவருக்குப் பின் பொறுப்பேற்ற வில்லியம் வீலரின் திட்டப்படி 1878 அக்டோபரில் அந்தக் கூடம் எழுந்தது. கீழே வகுப்பறைகள், மேலே அணிவகுப்புப் பயிற்சிக்கான பெரிய கூடம். அமெரிக்கக் குடியேறிகள் கட்டிய மரவீடுகளின் பாணி.

அப்போது கூரைமேல் இருந்தது சிறிய மணிமாடம் மட்டும். அங்கே கடிகாரம் வைக்க வேண்டும் என்றார் கைதாகுஷியின் தலைவர் குரோடா கியோதகா. பாஸ்டன் நகரத்து ஹாவர்ட் நிறுவனத்தின் கடிகாரம் தருவிக்கப்பட்டது. வந்து இறங்கிய பிறகுதான் அது அந்த மாடத்துக்குள் அடங்காது என்று தெரிந்தது. இருந்த மாடத்தை எடுத்துவிட்டு, கடிகாரத்தின் அளவுக்கும் எடைக்கும் ஏற்ற புதுக் கோபுரத்தைக் கட்டினார்கள். 1881 ஆகஸ்ட் 12 அன்று கடிகாரம் ஓடத் தொடங்கியது. பிற்காலத்தில் 'புஷிடோ' நூலை எழுதிய நிதோபே இனாசோவும், கிறிஸ்தவச் சிந்தனையாளர் உச்சிமுரா கான்சோவும் அதற்கு முந்தைய மாதம்தான் இந்தக் கல்லூரியில் பட்டம் பெற்று வெளியேறியிருந்தார்கள்.

மெய்ஜி ஜப்பானை எனக்கு இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை. முன்பு கடிகாரத்தைத் தங்கள் வாழ்க்கைக்கு ஏற்பத் திருத்தியவர்கள், இப்போது கடிகாரத்துக்கு ஏற்பக் கட்டடத்தையும் வாழ்க்கையையும் திருத்திக்கொண்டார்கள்.

1888இல் அந்தத் திருத்தம் இன்னும் ஒரு படி போனது. கிழக்குத் தீர்க்கரேகை 135 பாகையைக் கொண்டு நாடு முழுவதற்கும் ஒரே நேரம் வந்தது. சப்போரோ அதற்கு ஆறு பாகைக்கும் மேல் கிழக்கே இருக்கிறது. அதனால் இந்தக் கடிகாரம் பன்னிரண்டு அடிப்பதற்குச் சராசரியாக 25 நிமிடம் முன்பே அங்கே சூரியன் உச்சியைக் கடந்துவிடும்.

சுவரில் உள்ள நட்சத்திரம்

கட்டடத்தின் முகப்பில் ஒரு சிவப்பு நட்சத்திரத்தைப் பார்க்கலாம். துருவ நட்சத்திரத்தைக் குறிக்கும் இது கைதாகுஷியின் சின்னம். பலர் இதைப் படமெடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. இந்த நிலம் ஐனு மக்களுடையது. சப்போரோ என்ற பெயரே அவர்கள் மொழியிலிருந்து வந்தது. கைதாகுஷி அவர்கள் நிலத்தை உரிமையாளர் இல்லாத நிலமாகக் கணக்கில் எடுத்துக் குடியேறிகளுக்குக் கொடுத்தது. 1876இல் நச்சு அம்பு கொண்டு மான் வேட்டையாடும் அவர்கள் வழக்கம் தடைசெய்யப்பட்டது. ஆற்றில் சால்மன் மீன் பிடிக்கவும் கட்டுப்பாடு வந்தது. மீன் ஏறும் பருவத்தையும் மான் இறங்கும் பருவத்தையும் வைத்துப் பொழுதைக் கணித்த மக்களுக்கு, இந்தக் கோபுரத்தின் மணியோசை பசியோடு சேர்ந்து வந்தது. அவர்களைப் பழங்குடி மக்கள் என்று ஜப்பான் சட்டம் ஏற்றுக்கொள்ள 2019 வரை ஆயிற்று. சப்போரோ மணிக்கூண்டைப் பாராட்டும் எவரும் இந்தக் கணக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கையால் ஓடும் கடிகாரம்

1903இல் கல்லூரி வேறு இடத்துக்குப் போனது. 1906இல் இந்தக் கூடத்தை நகராட்சி வாங்கி, சுமார் 100 மீட்டர் தெற்கே நகர்த்தி இப்போதுள்ள இடத்தில் நிறுத்தியது. பிறகு நீண்டகாலம் நூலகமாக இருந்தது. 1970இல் முக்கியப் பண்பாட்டுச் சொத்து என்ற தகுதி கிடைத்தது.

கடிகாரத்துக்குள் இன்றும் மின்மோட்டார் கிடையாது. மரப்பெட்டிகளில் தொயோஹிரா ஆற்றுக் கற்களை நிரப்பிக் கம்பிவடத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். முள்ளை ஓட்டும் பெட்டி சுமார் 50 கிலோ, மணியை அடிக்கும் பெட்டி சுமார் 150 கிலோ. பெட்டி தன் எடையால் மெல்ல இறங்க, பல்சக்கரங்கள் சுழல்கின்றன. சக்கரம் ஒரேயடியாக ஓடிவிடாமல் ஊசல் அதைப் பல் பல்லாக விடுகிறது. வாரத்துக்கு இருமுறை ஆள் ஏறிக் கைப்பிடியைச் சுற்றிப் பெட்டிகளை மேலே இழுத்துவிட வேண்டும். இடையில் பழுதாகி நின்றுபோயிருந்த கடிகாரத்தை, 1933இல் உள்ளூர்க் கடிகாரக் கடைக்காரர் ஒருவர் தானே முன்வந்து சீர்செய்து பராமரிக்கத் தொடங்கினார். அவருக்குப் பின் அவர் மகன் அதே பணியைத் தொடர்ந்தார். அரசாணையால் வந்த கடிகாரம், கேட்காமலே உழைத்த மனிதர்களால் பிழைத்தது. மேல்தளக் கூடத்தில் அதே நிறுவனத்தின் இன்னொரு கடிகாரத்தைக் கண்ணெதிரே ஓடவிட்டிருக்கிறார்கள். போகிறவர்கள் அதன் முன் நிதானமாக நில்லுங்கள்.

ஜப்பானில் இன்றும் ஓடும் மிகப் பழைய மணிக்கூண்டு என்ற பெருமைக்கு நெடுநாள் ஒரு போட்டியாளர் இருந்தார். ஹியோகோ மாவட்டத்து இசுஷி என்னும் கோட்டையூரில், முரசு அறைவதற்காகக் கட்டிய கோபுரத்திலும் 1881இல்தான் கடிகாரம் ஏறியது. முரசுக் கோபுரம் மணிக்கூண்டாகிய அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)