9 கிலோ கூடுதல் சுமந்து வென்ற சக்கரம்

சக்கரத்தின் எடை குறைந்தால் கார் பறக்கும் என்ற நம்பிக்கை இன்று அலாய் வீல் விற்கும் ஒவ்வொரு கடையிலும் உண்டு. ஆனால் கார்ப் பந்தய வரலாற்றின் தொடக்ககாலப் பெரிய சக்கரப் புதுமை ஒன்று, எடை கூடிய சக்கரமாகத்தான் வந்தது. 1906 ஜூன் 26, 27 தேதிகளில் பிரான்சின் லெ மான் நகரை ஒட்டிய சாலைகளில் முதல் கிராண்ட் பிரீ நடந்தது. ஒரு சுற்று 103 கிலோமீட்டர். நாளுக்கு ஆறு சுற்றுகள். காரின் எடை 1000 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது விதி. கோடை வெயிலில் சாலைத் தார் இளகியது, டயர்கள் அடுத்தடுத்து வெடித்தன. ஓட்டுநரும் உடன் அமர்ந்த மெக்கானிக்கும் தவிர வேறு யாரும் காரில் கை வைக்க முடியாது. அவர்கள் பழைய டயரைக் கத்தியால் அறுத்து எறிந்துவிட்டு, சக்கரத்தோடு ஒன்றாய் நிற்கும் ரிம்மில் புது டயரை நெம்பி ஏற்ற வேண்டும். கால் மணி நேரம் வரை போய்விடும். மிஷலின் நிறுவனம் இதற்குக் கொண்டுவந்த தீர்வு, டயரோடு சேர்த்தே கழற்றி மாட்டக்கூடிய ரிம். நட்டுகளைக் கழற்றி, காற்றடைத்துத் தயாராக இருக்கும் ரிம்மை மாட்டினால் சில நிமிடங்களில் வேலை முடிந்தது. இதற்குக் கொடுத்த விலை, ஒரு சக்கரத்துக்குச் சுமார் 9 கிலோ கூடுதல் எடை. இட்டாலா, பனார் போன்ற அணிகளின் கார்கள் ஏற்கெனவே எடை வரம்பை ஒட்டி நின்றதால் அவற்றால் இதைப் பொருத்தவே முடியவில்லை.

பொருத்திய ரெனோ காரில் ஃபெரென்ஸ் சிஸ் வென்றார். இரண்டாவதாக வந்த ஃபியட்டின் நாசாரோவும் அதே ரிம்மில்தான் ஓட்டினார். ரெனோவே வேகமான கார், ரிம்முக்கு ஏன் பெருமை என்று கேட்கலாம். சிஸ்ஸுக்கும் நாசாரோவுக்கும் இடையே அரை மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இருந்ததால் அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் இரண்டாம், மூன்றாம் இடங்களைப் பாருங்கள். கழற்றும் ரிம் இல்லாத கிளெமான், பன்னிரண்டே முக்கால் மணி நேரம் ஓடிய பந்தயத்தில் நாசாரோவிடம் இழந்தது மூன்று நிமிடத்துச் சொச்சம்தான். ஒரே ஒரு டயர் மாற்றத்தில் மிச்சமாகும் நேரத்தைவிட அது குறைவு. கூடுதல் எடை ஏன் காலை வாரவில்லை என்பதற்கும் விடை உண்டு. சக்கரத்தின் எடை காரிடம் கணக்குக் கேட்பது பெரும்பாலும் வேகம் மாறும்போதுதான். நீண்ட நேர்ச்சாலையில் ஒரே வேகத்தில் போகிற காருக்கு அது பெரிய சுமையே இல்லை.

வேகம் ஓயாமல் மாறும் சாலை சிசிலித் தீவில் இருந்தது. தார்கா ஃப்ளோரியோ பந்தயம் நடந்த மதோனியே மலைப்பாதை, வளைவுக்கு மேல் வளைவாகப் போகும் 108 கிலோமீட்டர் சுற்று. 1925 முதல் 1929 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ச்சியாக அங்கே வென்றவை புகாட்டி கார்கள். அந்த வெற்றிகளோடு பெயர் இணைந்த டைப் 35-இன் அடையாளமே, எட்டுத் தட்டையான ஆரக்கால்கள் கொண்ட வார்ப்பு அலுமினியச் சக்கரம். இதைக் காட்டி எடைதான் எல்லாம் என்று வாதிடுவோர் அந்தச் சக்கரத்தை நெருங்கிப் பார்க்க வேண்டும். பிரேக் டிரம் சக்கரத்தோடு ஒன்றாகவே இருந்தது. அலுமினியம் வெப்பத்தை விரைவாக வெளியேற்றியது. சக்கரத்தைக் கழற்றினால் டிரம்மும் கூடவே வந்துவிடும், பிரேக் தேய்மானத்தை அங்கேயே பார்த்துவிடலாம். மலையிறக்கத்தில் பிரேக்கை நம்ப முடிந்த ஓட்டுநர் வளைவை நெருங்கும்வரை வேகத்தைக் குறைக்காமல் வரலாம். அந்தத் தொடர் வெற்றியில் இதற்கும் பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன். ஆனால் சக்கரம் மட்டும் வெற்றி தந்துவிடாது என்பதற்கும் அதே கார்தான் சாட்சி. 1924 ஆகஸ்டில் லியோன் கிராண்ட் பிரீயில் அறிமுகமானபோது டைப் 35-இன் டயர்கள் உரிந்து காலை வாரின. கம்பி ஆரக்கால் சக்கரங்களோடு வந்த ஆல்ஃபா ரோமியோ பி2 வென்றது.

இனி கணக்குக்கு வருவோம். உருளும் சக்கரத்தில் உள்ள ஒரு கிலோ, வேகமெடுக்கையில் ஒரு கிலோவைவிட அதிகமாக எண்ணப்படும், ஏனெனில் அது முன்னே நகர்வதோடு சுழலவும் வேண்டும். ஆனால் தரையைத் தொடும் விளிம்பில் இருந்தால்தான் அது இரண்டு கிலோவுக்குச் சமம், அதுவே உச்சவரம்பு. ‘ஒரு கிலோ குறைத்தால் பத்து கிலோ குறைத்ததற்குச் சமம்’ என்ற பேச்சுக்கு இயற்பியலில் இடமில்லை. 15 அங்குல ரிம்மின் உலோகம் மையத்திலிருந்து சுமார் 19 சென்டிமீட்டரிலும் டயரின் விளிம்பு 30 சென்டிமீட்டரிலும் இருந்தால், ஒரு கிலோவுக்கு 1.4 கிலோதான் கணக்கு. சக்கரத்துக்கு 2 கிலோ வீதம் 8 கிலோ குறைத்தால் 11 கிலோ சரக்கை இறக்கிவைத்ததற்குச் சமம். 1000 கிலோ காரில் அது நூற்றுக்கு ஒன்று. 100 கிலோமீட்டர் வேகம் எட்ட 12 விநாடி எடுக்கும் கார், ஒரு விநாடியில் எட்டில் ஒரு பங்குதான் முந்தும்.

அப்படியென்றால் பந்தய அணிகள் மக்னீசியச் சக்கரத்துக்குக் கொட்டிய பணம் வீணா? சிட்ரோயன் எஸ்எம் காருக்கு மிஷலின் 1970-களின் தொடக்கத்தில் செய்த, 4 கிலோவைச் சற்றே தாண்டும் பிசின்-நார்ச் சக்கரம் வெறும் ஆடம்பரமா? இல்லை. அதன் பயன் முடுக்கத்தில் அல்ல, பிடிப்பில்தான் பெரிதாகத் தெரியும். காரின் எடையில் பெரும்பகுதி ஸ்பிரிங்குகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சக்கரம், டயர், பிரேக், ஹப் ஆகியவை ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கின்றன. சிறிய காரில் ஒரு மூலைக்கு 35 கிலோ என்று வைத்துக்கொண்டால், 2 கிலோ குறைவது அங்கே நூற்றுக்கு ஆறு. மேடு தட்டி மேலே எழும் சக்கரத்தை ஸ்பிரிங் அவ்வளவு சுலபமாகத் தரைக்குத் திருப்பி அழுத்தும். தரையில் இல்லாத டயர் திருப்பவும் உதவாது, நிறுத்தவும் உதவாது. ஆகவே இந்த ஆதாயம் கரடுமுரடான சாலையில்தான் அதிகம்.

15 அங்குல ஸ்டீல் வீலைக் கழற்றிவிட்டு 17 அங்குல அலாய் போடும் இன்றைய வழக்கம், இந்த ஆதாயத்தை இழக்கவைத்துவிடுகிறது என்பதே என் வருத்தம். அலுமினியத்தின் அடர்த்தி எஃகில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் வார்ப்பு அலுமினியத்தைத் தடிமனாகவே வார்க்க வேண்டும், தகட்டு எஃகோ மெல்லியதாயினும் தாங்கும். அதனால் பெரிய வார்ப்புச் சக்கரம் கழற்றிய ஸ்டீல் வீலைவிடக் கனமாக இருப்பது சாதாரணம். உலோகமும் மையத்தைவிட்டு வெளியே நகர்ந்து, 1.4 என்ற கணக்கு 1.5 ஆகிறது. டயரின் பக்கச்சுவர் குட்டையாகி, பள்ளத்தின் அடி நேராக ரிம்மில் விழுகிறது. அகலமான டயர் காய்ந்த சாலையில் நன்றாகப் பிடிக்கும் என்பது உண்மை. பெரிய பிரேக்குக்கு இடம் வேண்டுமென்றால் பெரிய ரிம் தேவைதான். அந்தத் தேவை இல்லாதவர், கடையில் வடிவத்தைப் பார்க்கும் முன் இரண்டு சக்கரங்களையும் தராசில் ஏற்றச் சொல்லலாம்.