சமய ஆட்சியில் அரசியல் கட்சிகள்



நம் தோட்டத்தில் தொழிற்சங்கக் கிளைக்குத் தேர்தல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். யார் யார் போட்டியிடலாம் என்பதை நாம் தேர்ந்தெடுக்காத ஒருவர் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால், நமது ஓட்டுக்கு எவ்வளவு மதிப்பு இருக்கும்? இந்தக் கேள்வியுடன் ஈரான் நாட்டின் வரலாற்றைப் பார்ப்போம்.

ஈரானை ஆண்ட மன்னர் ஷா, 1975-ஆம் ஆண்டில் இருந்த கட்சிகளைக் கலைத்துவிட்டு ஒரே கட்சியை மட்டும் அமைத்தார். 1979-இல் மக்கள் திரண்டெழுந்து அவரது ஆட்சியை வீழ்த்தினார்கள். அந்தப் புரட்சியில் சமயத் தலைவர்கள், ஜனநாயகவாதிகள், பொதுவுடைமைக்காரர்கள் எனப் பலரும் பங்கு கொண்டனர்.

அவ்வாண்டு இறுதியில் நிறைவேறிய அரசியல் சட்டம் கட்சிகளை அனுமதித்தது. ஆனால், உச்ச அதிகாரத்தைச் சமயத் தலைவர் ஒருவரிடம் ஒப்படைத்தது. முதலில் அப்பதவியை வகித்தவர் ஆயத்துல்லா கொமெய்னி. அவருடைய ஆதரவாளர்கள் இஸ்லாமியக் குடியரசுக் கட்சியை அமைத்தனர். எதிர்க்கட்சிகள் ஒவ்வொன்றாக ஒடுக்கப்பட்டன. 1983-இல் பொதுவுடைமைக் கட்சியான தூதேயும் தடை செய்யப்பட்டது.

எதிரிகள் இல்லாத கட்சி நிலைத்ததா? இல்லை. நிலம், வாணிபம், தொழிலாளர் சட்டம் ஆகியவை பற்றி அதற்குள்ளேயே பிளவு முற்றியது. 1987-இல் கொமெய்னியின் சம்மதத்துடன் அக்கட்சி கலைக்கப்பட்டது. கட்சி இல்லாமலே ஆட்சி தொடர்ந்தது. ஏனெனில், அதிகாரத்தின் ஆணிவேர் கட்சியில் இல்லை.

வேட்பாளர்களைச் சலித்தெடுக்கும் பொறுப்பு 12 பேர் கொண்ட காவலர் மன்றத்திடம் இருந்தது. அவர்களில் 6 பேர் உச்சத் தலைவர் நியமித்த சமய அறிஞர்கள். நாடாளுமன்றம் இயற்றும் சட்டங்களைத் தடுக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு.

1997-இல் சீர்திருத்தம் பேசிய கத்தாமி, நூற்றுக்கு 70 என்ற அளவில் ஓட்டுப் பெற்று அதிபரானார். புதிய கட்சிகள் தோன்றின. மக்கள் நம்பிக்கை கொண்டனர். தேர்தலில் காவலர் மன்றத்தின் பிடியைத் தளர்த்தும் மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 2003-இல் அதனை நிராகரித்தது யார் தெரியுமா? அதே காவலர் மன்றம்தான்! 2021-ஆம் ஆண்டு அதிபர் தேர்தலுக்குப் பெயர் கொடுத்தவர்கள் 590-க்கும் மேற்பட்டோர். அனுமதி பெற்றவர்களோ 7 பேர்.

நேயர்களே, மக்களின் விருப்பத்தைத் திரட்டி ஆட்சிபீடத்திற்குக் கொண்டுசெல்வதே கட்சியின் வேலை. சமய ஆட்சியிலும் அது மக்களின் குரலை ஒலிக்கச் செய்யலாம். ஆனால், முடிவு செய்யும் உரிமை அதனிடம் இல்லை. ஆகவே, ஒரு நாட்டில் ஓட்டுப்பெட்டி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. ஓட்டுச்சீட்டில் உள்ள பெயர்களை முடிவு செய்தது யார் என்றும் கேட்க வேண்டும். அவ்வாறு கேட்க நம் பிள்ளைகளையும் பழக்குவோம்.