பள்ளிக்கூடப் பையில் பதினைந்து டிஸ்க்

டிஸ்க் கோல்ஃப் தொடங்கிய காலத்தில் அதை ஆடுகிறவர்களுக்குப் பையே தேவைப்படவில்லை. ஆளுக்கு ஒரு ஃபிரிஸ்பீ, அதாவது வீசி எறியும் வட்டத் தட்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு பூங்காவுக்குப் போவார்கள். தூரத்தில் உள்ள ஒரு மரத்தையோ விளக்குக் கம்பத்தையோ குறிவைத்து எறிவார்கள். விழுந்த இடத்தில் நின்று மறுபடி எறிவார்கள். குறைந்த எறிகளில் இலக்கைத் தொட்டவர் ஜெயித்தார். இன்று அதே ஆட்டத்துக்கு வருகிறவர் முதுகில் பெரிய மூட்டையே இருக்கிறது. பதினைந்து டிஸ்க், இருபது டிஸ்க், தண்ணீர்ப் புட்டி, துண்டு, மழைச் சட்டை. இந்த மாற்றம் பைக்காரர்கள் கொண்டுவந்தது என்று பலர் நினைக்கிறார்கள். டிஸ்க்கின் விளிம்பு மாறியதால் வந்தது என்பது என் கட்சி.

நான் பசடேனாவில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். ரவிக்கை, பேண்ட் ஓரம் மடிப்பது, திரைச்சீலை என்று கிடைத்ததெல்லாம் தைப்பேன். விருதுநகரில் அத்தையிடம் கற்றுக்கொண்ட தொழில். மூத்த மகன் ஒருநாள் தன் பழைய பள்ளிக்கூடப் பையைக் கொண்டுவந்து மிஷின் மேல் வைத்து, “அம்மா, கடைப் பை எரநூறு டாலர் சொல்றான். இதையே மாத்திக் குடும்மா” என்றான். மாற்றுவதற்கு முன்னால் அதில் என்ன வைக்கப் போகிறான், ஏன் அத்தனை வைக்கவேண்டும் என்று தெரிந்தாக வேண்டுமே. உடம்பை அளக்காமல் துணியை வெட்டக்கூடாது என்று அத்தை சொல்லுவாள். அப்படித் தொடங்கியதுதான் இந்த ஆட்டத்தின் கதையைத் தேடிப் படித்தது.

கதை சமையலறையில் தொடங்குகிறது. கனெடிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் நகரில் வில்லியம் ரஸ்ஸல் ஃபிரிஸ்பி 1871இல் ‘பை’ (pie) என்ற பலகாரம் செய்யும் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார். பலகாரத்தைத் தின்று முடித்த பிறகு கையில் மிஞ்சும் தகரத் தட்டை யேல் பல்கலைக்கழக மாணவர்கள் ஒருவருக்கொருவர் வீசிப் பிடித்தார்கள். கண்டத்தின் மறு ஓரத்தில், இங்கே கலிஃபோர்னியாவில், ஃபிரெட் மோரிசன் என்ற இளைஞர் காதலி லூசிலோடு சாண்டா மோனிகா கடற்கரையில் கேக் தட்டை வீசி விளையாடிக்கொண்டிருந்தார். 1938 வாக்கில் யாரோ ஒருவர் அந்தத் தட்டுக்கு 25 சென்ட் தருகிறேன் என்றார். கடையில் அதன் விலை ஐந்து சென்ட். மோரிசனுக்கு வியாபாரம் பிடிபட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்து வந்தவர் பிளாஸ்டிக்கில் அதைச் செய்ய முயன்று, 1955இல் ‘புளூட்டோ பிளாட்டர்’ என்ற தட்டை உருவாக்கினார். 1957இல் அதன் உரிமையை வாம்-ஓ கம்பெனிக்கு விற்றார். அந்தக் கம்பெனி இருந்த சான் கேப்ரியல் எங்கள் வீட்டிலிருந்து காரில் சிறு தூரம்தான்.

வாம்-ஓவில் 1964இல் சேர்ந்தவர் எட் ஹெட்ரிக். தட்டின் மேல்பரப்பில் மெல்லிய வளைய வரிகளைப் போட்டு அதை நிலையாகப் பறக்கவைத்தவர். 1967இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அதுவரை குழந்தைகளின் விளையாட்டுச் சாமானாக இருந்த தட்டைப் பெரியவர்கள் குறிபார்த்து எறியும் கருவியாக ஆக்கியதில் அந்த வரிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் ஆட்டத்தை அவர் ஒருவரே கண்டுபிடித்தார் என்று சொல்வது சரியில்லை. நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டர் நகரில் ஒரு கூட்டம் 1970இலேயே நகரப் போட்டி நடத்திக்கொண்டிருந்தது. 1974இல் அவர்கள் நடத்திய பெரிய போட்டிக்கு முதல் பரிசு ஒரு புதிய டாட்சன் கார். அங்கேயும் இலக்குகள் மரமும் கம்பமும்தான். பல ஊர்களில் பலர், ஒருவரை ஒருவர் அறியாமலே, பூங்காவில் கண்ணில் பட்டதை இலக்காக்கி இதை ஆடியிருக்கிறார்கள். யாரிடமும் அனுமதி கேட்காமல், காசு கொடுக்காமல், இருப்பதை வைத்து ஆடிய ஆட்டம். இதன் குணமே அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஹெட்ரிக் செய்த காரியம் அதற்கு ஒரு நிரந்தர இடம் பிடித்துக் கொடுத்தது. 1975இல் லா கன்யாடாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர மைதானம் வந்தது. விண்கலங்களை அனுப்பும் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்துக்குப் பக்கத்து இடம் அது. இன்று ஹஹமோங்னா என்ற பழங்குடிப் பெயரோடு இருக்கிறது. ஓக் மரங்களுக்கு நடுவே முதலில் வெறும் கம்பங்களை நட்டார்கள். உடனே தகராறு: டிஸ்க் கம்பத்தைத் தொட்டதா, தொடவில்லையா? ஹெட்ரிக்கும் அவர் மகன் கென்னும் கம்பத்தின் தலையிலிருந்து சங்கிலிகளைத் தொங்கவிட்டு, அடியில் ஒரு கூடையை வைத்தார்கள். சங்கிலி டிஸ்க்கின் வேகத்தை வாங்கிக்கொள்ளும், டிஸ்க் கூடைக்குள் விழும், சத்தமே தீர்ப்பு சொல்லிவிடும். 1977இல் அதற்கும் காப்புரிமை கிடைத்தது. இடையில் 1976இல் ஆட்டக்காரர்களுக்கான தொழில்முறைச் சங்கத்தைத் தொடங்கினார். அதில் முதல் உறுப்பினர் எண் அவருடையது. 2002இல் இறந்தபோது, அவர் கேட்டுக்கொண்டபடியே அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து டிஸ்க்குகள் வார்த்தார்கள்.

இதுவரை பை வரவில்லை என்பதைக் கவனியுங்கள். சங்கிலிக் கூடை வந்த பிறகும் ஆட்டக்காரர் கையில் இருந்தது அகலமான, மழுங்கிய விளிம்புள்ள ஃபிரிஸ்பீதான். ஒன்று போதும், மிஞ்சினால் எடை வேறுபட்ட இரண்டு மூன்று.

1983இல் டேவ் டனிபேஸ் என்பவர் அந்த மழுங்கிய விளிம்பைச் சரிவாகச் சீவினார். அவரும் நண்பர்களும் தொடங்கிய இனோவா கம்பெனியின் ‘ஈகிள்’ அப்படி வந்ததுதான். குறுக்களவு குறைந்தது, எடை விளிம்புக்குப் போனது, கூர்மையான ஓரம் காற்றை அறுத்துக்கொண்டு போனது. பழைய தட்டால் எட்ட முடியாத தூரத்தை இது எட்டியது. கூடவே அதற்கு ஒரு பிடிவாதமும் வந்தது. வலக்கைக்காரர் உடம்புக்குக் குறுக்கே கையை இழுத்து எறிந்தால், வேகம் குறையும்போது டிஸ்க் இடப்பக்கம் சாயும். விளிம்பின் அகலத்தையும் சரிவையும் கொஞ்சம் மாற்றினால் சாய்வின் அளவும் மாறும். ஒன்று முதலில் வலப்பக்கம் வளைந்து பிறகு திரும்பும். ஒன்று நேரே போய்ப் பொத்தென்று விழும். ஒன்று எதிர்காற்றிலும் தலை சாயாது. தூரத்துக்கு டிரைவர், நடுவில் மிட்ரேஞ்ச், கூடைக்குப் பக்கத்தில் பட்டர். மரத்தை இடமாகச் சுற்றிப்போக ஒன்று, வலமாகச் சுற்றிப்போக இன்னொன்று.

பந்தை அடிக்கும் கோல்ஃபில் ஒருவர் 14 மட்டைகளுக்கு மேல் கொண்டுபோகக் கூடாது. 1938 முதல் அமெரிக்காவில் அதுதான் விதி. டிஸ்க் கோல்ஃபில் அப்படி வரம்பு இல்லை. ஆக, விளிம்பைச் சீவிய அந்த வருடத்திலிருந்தே ஆட்டக்காரர்கள் சுமக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு டிஸ்க் சுமார் 175 கிராம். பதினைந்து சேர்ந்தால் இரண்டரைக் கிலோவுக்கு மேல். முதலில் வந்தது ஒற்றை வார் கொண்ட தோள்பை. பதினெட்டுக் கூடைக்கும் மேடும் பள்ளமுமாக நடக்கிறவருக்கு ஒரு தோளில் மட்டும் இத்தனை எடை தொங்கினால் என்னாகும் என்று தையல்காரிக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பிறகு தோள்பையில் மாட்டிக்கொள்ளும் இரட்டை வார் வந்தது. அதன் பிறகு முதுகுப்பையாகவே தைத்து விற்றார்கள். ஆட்டத்தில் பணம் புழங்க ஆரம்பித்தது. 2021இல் பால் மெக்பெத் என்ற வீரரோடு ஒரு டிஸ்க் கம்பெனி பத்து வருடத்துக்குப் பத்து மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டது. பையின் விலையும் பள்ளிக்கூடப் பையன் எட்டாத இடத்துக்கு ஏறியது.

அந்தப் பள்ளிக்கூடப் பைக்கும் ஒரு கதை உண்டு. அதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். 1967இல் சியாட்டிலில் மர்ரி பிளெட்ஸ் என்ற இளைஞர் மலையேறிகளுக்காக அலுமினியச் சட்டம் போட்ட முதுகுப்பையை வடிவமைத்தார். தைக்க ஆள் வேண்டும். காதலி ஜான் லூயிஸுக்குத் தையல் தெரியும். நீ தைத்துக் கொடு, உன்னைக் கட்டிக்கொள்கிறேன், கம்பெனிக்கும் உன் பெயரையே வைக்கிறேன் என்றாராம். ஜான்ஸ்போர்ட் பிறந்தது அப்படி. கார் கியர்பாக்ஸ் பழுதுபார்க்கும் கடை ஒன்றின் மாடியில். வாஷிங்டன் பல்கலைக்கழகப் புத்தகக் கடையில் விற்ற அந்தக் கம்பெனியின் சிறிய பைகளை, மலைக்குப் போகாத மாணவர்களும் மழையில் புத்தகம் நனையாமல் இருக்க வாங்கினார்கள். அதுவரை புத்தகங்களைக் கையில் அணைத்தோ பெல்ட்டில் கட்டியோ கொண்டுபோனவர்கள். உலகம் முழுக்கப் பிள்ளைகளின் முதுகில் இன்று தொங்குவது இந்த வம்சத்துப் பை. அதன் பெயரிலேயே ஒரு தையல்காரி இருக்கிறாள்.

இனி வேலைக்கு வருகிறேன். டிஸ்க்கின் குறுக்களவு குறைந்தது 21 சென்டிமீட்டர், எட்டேகால் அங்குலம். அவற்றைப் படுக்கவைத்து அடுக்கினால் நடுவில் இருப்பதை எடுக்க எல்லாவற்றையும் வெளியே கொட்டவேண்டும். அலமாரியில் புத்தகம் போல நிறுத்தித்தான் வைக்கவேண்டும். ஒரு அடி அகலத்தில் பதினைந்து நிற்கும். விளிம்பின் நிறத்தைப் பார்த்தே விரல் சரியானதைப் பிடித்துவிடும். பள்ளிக்கூடப் பைக்கு அகலமும் உயரமும் போதும், ஆழம்தான் பற்றாது. எட்டேகால் அங்குல ஆழம் இருந்தால் சமாளிக்கலாம், ஒன்பது இருந்தால் உத்தமம். கடையில் பையைத் திறந்து உள்ளே ஒரு டிஸ்க்கை நிறுத்திப் பார்த்து வாங்குவது நல்லது.

முன்பக்கத்துச் சிறிய பாக்கெட்டை முதலில் தையல் பிரித்து எடுத்துவிடுவேன். அவசரப்பட்டு இழுத்தால் நைலான் கிழியும். பிறகு முன்பக்கத் துணியில் கீழிருந்து ஐந்து அங்குலம் விட்டுவிட்டு, பத்து அங்குல உயரம் வரை கதவு மாதிரி வெட்டுவேன். அந்த ஐந்து அங்குலம் டிஸ்க்குகள் உருண்டு வெளியே விழாமல் பிடித்துக்கொள்ளும் வரப்பு. வெட்டிய ஓரத்தை மெழுகுவர்த்திச் சுடரில் லேசாகக் காட்டவேண்டும். இல்லாவிட்டால் நூல் நூலாகப் பிரிந்துகொண்டே இருக்கும். ஓரத்துக்கு நாடா வைத்துத் தைத்து, பெரிய பல் ஜிப்பைக் கதவைச் சுற்றிப் போடுவேன். பதினெட்டாம் நம்பர் ஊசி, முறுக்கு நைலான் நூல். மூன்று நான்கு அடுக்குச் சேரும் இடத்தில் காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் ஊசி ஒடியாது.

உள்ளே பெட்டிக்கு நான் எடுப்பது தேர்தல் முடிந்த பிறகு வீட்டு முற்றங்களில் மிஞ்சிக் கிடக்கும் வேட்பாளர் பலகை. இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே குழல் குழலாக இருக்கும் அட்டை. இலேசு, நனையாது, கத்தியில் பாதி ஆழம் கீறினால் அழகாக மடியும். அடி, இரண்டு பக்கம், முதுகு என்று மடித்து லைனிங் துணியில் உறை போட்டுச் சொருகிவிட்டால் பை தரையில் தானாக நிற்கும். பத்து அங்குல உயரத்தில் அதே அட்டையில் ஒரு தட்டு வைத்து வெல்க்ரோவில் பிடித்துவிட்டால் மேலே தண்ணீருக்கும் சட்டைக்கும் தனி அறை. பிரித்தெடுத்த பாக்கெட்டை அந்த மேல்பாதியில் திரும்பத் தைப்பேன். அடிக்கடி கைக்கு வரவேண்டிய பட்டர் அதில் நிற்கும். விழுந்த இடத்தைக் குறிக்கிற உள்ளங்கை அகல மினி டிஸ்க்குக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சட்டைப்பை. துண்டு தொங்கவிட ஒரு வளையம்.

மலிவான பை முதலில் விட்டுப்போகும் இடம் தோள் வாரின் மேல் மூட்டு. அங்கே சதுரம் போட்டு, உள்ளே குறுக்கே பெருக்கல் குறி போட்டு இரண்டு முறை ஓட்டிவிட வேண்டும். உள்பக்கம் ஒரு துண்டுப் பட்டையும் வைத்தால் பை நைந்தாலும் மூட்டு நிற்கும். இதைச் செய்யாமல் மற்ற அலங்காரமெல்லாம் செய்து பயனில்லை.

மகனுக்குத் தைத்த பிறகு ஓக் குரோவில் மற்றவர்கள் கொண்டுவருவதையும் கவனிக்கிறேன். தச்சரின் கருவிப் பை, சாப்பாட்டைக் குளிராக வைக்கும் பை, குழந்தையை உட்காரவைக்கும் தள்ளுவண்டி, பால் கிரேட்டுக்குச் சக்கரம் மாட்டியது. கேக் தட்டை எறிந்தவர்களின் வழியில் வந்தவர்கள் இவர்கள்தான் என்று எனக்குத் தோன்றும். கடைப் பை மோசம் என்று நான் சொல்லவில்லை. அதன் தையல் உறுதியானது, முதுகுப் பஞ்சு நல்லது, தினமும் போட்டி ஆடுகிறவருக்கு அது நியாயமான செலவு. ஆனால் பை வாங்கப் பணமில்லை என்பதற்காக ஒரு பிள்ளை இந்த ஆட்டத்துக்கு வெளியே நிற்கக்கூடாது. மைதானம் பொதுப் பூங்கா, ஒரு டிஸ்க்கின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டு விலை. பை மட்டும் எப்படி வேலியாகலாம்?

மகனின் கூட்டாளிகள் இருவர் இப்போது தங்கள் பைகளைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். ஒன்று ஆழம் சரியாக இருக்கிறது. மற்றது ஏழு அங்குலம்தான். அதற்கு முன்கதவைத் தட்டையாக விடாமல் இரண்டு பக்கமும் முக்கோணத் துண்டு இணைத்து ஒன்றரை அங்குலம் துருத்திக்கொண்டு நிற்கும்படி தைக்கப் போகிறேன். பழைய ஜீன்ஸ் துணி அதற்குத் தாங்கும்.