தேநீரும் உரிமையும்

தீப்பற்றிய வீட்டினின்றும் எல்லோரும் வெளியே ஓடிவருகையில் அதனுள்ளே நுழைபவன் தீயணைக்கும் தொழிலாளி. நொறுங்கிய வாகனத்தினுள் கைவிட்டு உயிரைத் தேடுபவன் அம்புலன்ஸ் ஊழியன். இவர்களை வீரர் என வாழ்த்த எந்தச் சமூகமும் தயங்கியதில்லை. ஆயின், வீடு திரும்பிய பின்னர் இவர்களுக்கு உறக்கம் வருகின்றதா என்று கேட்பதற்கு உலகம் நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. அக்கேள்வியின் வரலாற்றில் பொதுப்பணிக் கழகங்களும் தொண்டர் அமைப்புகளும் எங்கே நிற்கின்றன என்பதை நாம் ஆராய்தல் வேண்டும்.

1905இல் சிக்காகோ நகரில் வழக்கறிஞர் போல் ஹரிஸ் றோட்டரிக் கழகத்தைத் தொடக்கினார். 1917இல் அதே நகரில், காப்புறுதித் தொழில் புரிந்த மெல்வின் ஜோன்ஸின் முயற்சியால் லயன்ஸ் இயக்கம் உருப்பெற்றது. 1929இல் கொழும்பிலும் றோட்டரிக் கழகம் தோன்றியது. வணிகரும் உயர்தொழில் புரிவோரும் கூடிய இக்கழகங்கள் கண்ணுக்குப் புலப்படும் குறைகளையே பெரிதும் நாடின. 1925இல் ஹெலன் கெல்லர் விடுத்த வேண்டுகோளின் பின் லயன்ஸ் இயக்கம் பார்வையற்றோர் பணியைத் தனதாக்கிக்கொண்டது. 1985இல் றோட்டரி போலியோ ஒழிப்பில் இறங்கியது. இவை போற்றத்தக்க பணிகளே. ஆனால், கண்ணாடியும் மருந்தும் கொடுத்து ஆற்ற முடியாத புண்ணும் ஒன்று உண்டு.

அப்புண்ணுக்கு அருகே, தம்மையறியாமலே, வந்து நின்றவர்கள் இலண்டன் மாநகரத்துப் பெண்கள். 1938இல் ஸ்டெல்லா ரீடிங் அம்மையார் பெண்கள் தொண்டர் சேவையை நிறுவினார். அதே ஆண்டில் துணைத் தீயணைப்புப் படையும் அமைக்கப்பட்டது. போர் தொடங்கிப் பல மாதங்கள் குண்டுகள் விழாதிருந்தபொழுது, வாரம் மூன்று பவுண் வாங்கிக்கொண்டு இராணுவத்துக்கு ஒளிப்பவர்கள் என்று அப்படையினரை ஊரார் இகழ்ந்தனர். 1940 செப்டெம்பர் 7இல் பெருங்குண்டுவீச்சு ஆரம்பித்ததும் இகழ்ந்த வாய்களே அவர்களை வாழ்த்தின. எரியும் தெருக்களுக்கு நடமாடும் தேநீர் வண்டிகளைக் கொண்டுசென்று, கரிபடிந்த கைகளில் சூடான கோப்பைகளைத் தந்தனர் தொண்டர் சேவைப் பெண்கள். மனநோய் மருத்துவம் எதுவும் அவர்கள் கற்றவர்களல்லர். உன்னை நாங்கள் மறக்கவில்லை என்பதை அத்தேநீர் சொல்லிற்று.

தேநீர் மட்டும் போதாது என்பதைப் பின்வந்த அழிவுகள் காட்டின. 1983 பெப்ரவரி 16இல் தென்கிழக்கு அவுஸ்திரேலியாவில் மூண்ட காட்டுத்தீயில் 75 பேர் மாண்டனர். அவர்களுள் 17 பேர் தொண்டர்களாகத் தீயணைக்கச் சென்றவர்கள். உயிர் தப்பியோரின் கதி யாது? அத்தீயை எதிர்கொண்ட 469 தீயணைப்போரை மனநோய் மருத்துவர் அலெக்சாண்டர் மக்பார்லேன் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து ஆராய்ந்தார். தீ அணைந்து பல மாதங்கள் கழித்தே சிலரிடம் நோய் தலைகாட்டியது. பாராட்டு விழாக்கள் முடிந்து ஊரார் மறந்த வேளையிலேதான் அவர்களுக்குத் துணை தேவைப்பட்டது.

நல்லெண்ணம் மாத்திரம் வழிகாட்டிவிடும் என்றும் எண்ணுவதற்கில்லை. 1983இல் அமெரிக்கரான ஜெஃப்ரி மிச்சல், கோர நிகழ்ச்சி நடந்த சில நாட்களுக்குள் ஊழியரைக் கூட்டிக் கண்டதையெல்லாம் சொல்லவைக்கும் முறையொன்றை வகுத்தார். அது பல நாடுகளிலும் பரவியது. ஆயின், ஒரே அமர்வில் முடியும் இத்தகைய உரையாடல்களை மதிப்பிட்ட கொக்ரேன் ஆய்வு, அவை நோயைத் தடுப்பதற்குச் சான்றில்லை என்றும், பாதிக்கப்பட்டோரைக் கட்டாயப்படுத்தி இவற்றில் ஈடுபடுத்துவதை நிறுத்தவேண்டும் என்றும் 2002இல் கூறியது. 2011இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி, பேசும்படி வற்புறுத்தாதே, அடிப்படைத் தேவைகளைக் கவனி, செவிகொடு, உரிய உதவியுடன் இணைத்துவிடு என்றது. தேநீர் வண்டிப் பெண்களின் இயல்பான பண்பு அதில் நினைவுக்கு வருகின்றது அல்லவா?

எனினும், கருணை ஒன்று, உரிமை வேறொன்று. கனடாவின் அல்பேர்ட்டா மாகாணம் 2012இலும், தீயணைப்போர் சங்கங்களின் இடைவிடாத கோரிக்கையின் பின் ஒன்ராறியோ 2016இலும் சட்டம் இயற்றின. தீயணைப்போருக்கோ அம்புலன்ஸ் ஊழியருக்கோ பேரதிர்ச்சியின் பின்னான உளநோய் ஏற்படின், அது தொழிலால் வந்ததென்றே கொள்ளப்படும் என்பது அச்சட்டங்களின் சாரம். நோயுற்றவன் தன் நோயின் காரணத்தை நிறுவவேண்டிய சுமை நீங்கியது. கால் முறிந்த தொழிலாளிக்கு நட்டஈடு உண்டெனில், நெஞ்சு முறிந்தவனுக்கு ஏன் இல்லை என்ற நியாயமான வினாவுக்கு அங்கே விடை கிடைத்தது.

இவ்வரலாறு கழகங்களுக்குச் சொல்லும் பாடம் தெளிவானது. பொன்னாடை போர்த்திப் படம் எடுப்பதுடன் பணி முடிந்துவிடாது. நீண்ட கடமையில் இருப்போருக்கு உணவும், அவர்தம் குடும்பங்களுக்குத் துணையும், மாதங்கள் கடந்த பின்னும் மறவாத நட்பும் கழகங்கள் தரக்கூடியவை. ஆனால் ஓய்வு, போதிய ஆட்பலம், வைத்தியம், நட்டஈடு என்பன தருமமாக ஈயப்படுவன அல்ல. அவை உழைப்பவனுக்கு அரசு செலுத்தவேண்டிய கடன். அக்கடனை நினைவூட்டும் குரலோடு தம் குரலையும் சேர்க்கும் கழகமே மெய்யான பொதுப்பணி புரிவதாகும்.