கரிசற்காடும் காற்றலைப் பாட்டும்

மழைக்குத் தவங்கிடந்து பழகியவன் கோவிற்பட்டிக் கரிசற்காட்டு உழவன். பாட்டுக்குமா தவங்கிடக்க வேண்டும்? கிடக்க வைத்தது டில்லி!

1940இல் வானொலியிலே ஆர்மோனியத்திற்குத் தடை. சுருதியின் நுட்பம் அதில் வாராதாம்! தூத்துக்குடியிற் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களை விடிய விடியத் தாங்கியது அந்தப் பெட்டியன்றோ? ஊரார் போற்றியதை ஒலிபரப்பு ஒதுக்கியது. 1971இலேதான் தடை தளர்ந்தது.

1952இல் ஒலிபரப்பு அமைச்சரானார் பி. வி. கேஸ்கர். திரைப்பாடல் தரமற்றது என்பது அவர் தீர்ப்பு. சாத்திரீய சங்கீதம் பெருகிற்று, திரைப்பாட்டு அருகிற்று. மக்கள் என்ன செய்தனர்? முள்ளைத் திருப்பினர். கடல் கடந்து வந்தது இலங்கை வானொலி. தேநீர்க் கடைகளிலே கூட்டம் கூடிற்று. காற்றுக்கு ஏது வேலி? 1957 அக்டோபர் 3ஆம் நாள் விவித பாரதியைத் தொடங்கி டில்லி இறங்கி வந்தது. (வானொலி எனும் தமிழ்ச் சொல்லிருக்க, ஆகாசவாணி எனப் பெயர் சூட்ட முனைந்ததும் அக்காலத்திலேதான்!)

1963இல் நெல்லையிலே நிலையம் எழுந்தது. வில்லுப்பாட்டும் நையாண்டி மேளமும் அலையேறின. கரிசல் மக்கள் தம் குரலைத் தாமே கேட்டனர்.

பின்னர் வந்தன தனியார் பண்பலைகள். கேஸ்கர் விரட்டிய திரைப்பாட்டே அங்கு முழுநேர அரசு. பருத்திக்காட்டிலே களையெடுப்போள் பாட்டுக்கு அங்கும் நேரம் கிடைப்பது அரிது.